குதிரை ஓடும் வட்டத்துக்குள் ஒன்பது குழிகள்

1810 டிசம்பர் மாதம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், எடின்பரோ நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மஸல்பரோ என்ற ஊரில் கோல்ஃப் சங்கத்தார் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். புத்தாண்டை ஒட்டி ஊர் மீன்காரப் பெண்களுக்கு ஒரு கோல்ஃப் போட்டி வைப்பது. நன்றாக ஆடுகிறவருக்குப் புதுக் கூடை ஒன்றும் சால்வை ஒன்றும் பரிசு. அவற்றோடு நல்ல பார்சிலோனா பட்டுக் கைக்குட்டை இரண்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள்.

கூடை என்றதும் பழக்கூடையை நினைத்துவிட வேண்டாம். மீன் சுமக்கிற கூடை அது. மீனை நிரப்பி, முதுகில் ஏற்றி, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, எடின்பரோ வரை நடந்தே போய் விற்றுவிட்டு வந்த பெண்கள் அவர்கள். அவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு வேறு எதைக் கொடுத்திருக்க முடியும்? பெண்கள் கோல்ஃப் போட்டிகளில் எழுத்தில் பதிவாகியிருப்பதில் மிகப் பழையது இதுதான் என்பார்கள். அந்த வட்டாரத்துப் பாதிரியார் அலெக்சாண்டர் கார்லைல் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். விடுமுறை நாளில் கோல்ஃப் ஆடுவார்களாம். ஆண்டுக்கொரு முறை கல்யாணமான பெண்கள் ஓர் அணி, ஆகாதவர்கள் ஓர் அணி என்று கால்பந்தும் ஆடுவார்களாம். எப்போதும் கல்யாணமானவர்களே ஜெயிப்பார்கள் என்று அந்தப் பாதிரியார் குறித்து வைத்திருக்கிறார்.

அவர்கள் கோல்ஃப் ஆடிய மைதானம் இன்றும் இருக்கிறது. பெயர் மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸ். மொத்தம் ஒன்பதே குழிகள். அதுவும் ஒரு குதிரைப் பந்தய ஓடுபாதையின் வட்டத்துக்கு நடுவே! 1816 முதல் இங்கே குதிரைகள் ஓடுகின்றன. பந்தயத்துக்கும் முன்பிருந்தே பந்து உருள்கிறது. 1672இல் இங்கே கோல்ஃப் ஆடியதற்கு ஆவணச் சான்று உண்டு. அதற்கும் நூறாண்டு முன்பே ஸ்காட்லாந்து ராணி மேரி இங்கே ஆடினார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதைக்குச் சான்று கிடையாது.

கோல்ஃப் என்றால் நம்மில் பலருக்கு மனதில் வருவது தொலைக்காட்சியில் பார்த்த காட்சிதான். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சைப் புல், பேட்டரி வண்டியில் உட்கார்ந்து போகிற ஆட்டக்காரர்கள், பணக்காரத் தோரணை. முழுக் கோல்ஃப் மைதானம் என்றால் 18 குழி இருந்தாக வேண்டும் என்றும், ஒன்பது குழி மைதானம் இடமில்லாமல் பாதியில் நிறுத்திய வேலை என்றும் கோல்ஃப் ஆடுகிறவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மஸல்பரோவை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தொடங்கும் இடத்துக்கு டீ என்று பெயர். அங்கே பந்தைச் சிறு குச்சியின் மேல் வைத்து மட்டையால் அடிக்கிறார்கள். அங்கிருந்து புல்லை ஒட்ட வெட்டிய நீண்ட பாதை போகும். அது ஃபேர்வே. இரு பக்கமும் உயர்ந்த புல், இடையிடையே பங்கர் எனப்படும் மணற்பள்ளங்கள். பாதையின் முடிவில் பாய் விரித்தாற்போல் மழமழவென்று ஒரு புல்தரை. அது கிரீன். அதில் ஒரு குழி, குழியில் ஒரு கொடி. பந்து குழிக்குள் விழும்வரை எத்தனை அடி என்று எண்ண வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவர் வெற்றியாளர். நன்றாக ஆடுகிறவர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிப்பார் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதுதான் பார். நூற்றைம்பது யார்டு தூரத்தில் கிரீன் இருந்தால் பார் 3. நானூறு யார்டு என்றால் பார் 4. மஸல்பரோவில் ஒன்பது குழிக்கும் சேர்த்து பார் 34. மொத்த நீளம் மூவாயிரம் யார்டுக்குச் சற்றுக் குறைவு.

அப்படியானால் 18 என்ற எண் எங்கிருந்து வந்தது?

சாஸ்திரம் எதுவும் சொல்லி வந்ததல்ல. பழைய ஸ்காட்லாந்தில் ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. லீத் ஊரில் ஐந்து குழி. 1744இல் கோல்ஃபுக்கு முதன்முதலாக 13 விதிகளை எழுதி வைத்தவர்கள் அந்த ஐந்து குழியில் ஆடியவர்கள்தான். பிரெஸ்ட்விக் ஊரில் 12 குழி. 1860இல் கோல்ஃபின் பெரும்போட்டியான ஓபன் சாம்பியன்ஷிப் முதன்முதலாக அங்கே நடந்தபோது, பன்னிரண்டை மூன்று சுற்று ஆடினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானமோ கடலோரமாக நீண்டு கிடந்த ஒடுங்கிய நிலம். ஒரு முனை வரை ஆடிக்கொண்டே போய், பெரும்பாலும் அதே குழிகளில் ஆடிக்கொண்டே திரும்புவார்கள். போகவரச் சேர்த்து 22 குழி. 1764இல் முதல் நான்கு குழிகளை இரண்டாக்கினார்கள். போகும்போது இரண்டு குறைந்தது, வரும்போதும் இரண்டு குறைந்தது, கணக்கு 18 ஆனது. பின்னாளில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தின் செல்வாக்கு வளர, உலகமே அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. போக ஒன்பது, வர ஒன்பது. ஆக, 18 என்பதற்குள்ளேயே ஒன்பதுதான் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறது.

மஸல்பரோவில் முதலில் ஏழு குழி. 1838இல் எட்டாவது, 1870இல் ஒன்பதாவது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஒன்பதில் நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. 1874, 1877, 1880, 1883, 1886, 1889 என்று ஆறு முறை ஓபன் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. ஒரே நாளில் நான்கு சுற்று, 36 குழி. முதல் தடவை ஜெயித்த மங்கோ பார்க் உள்ளூர்க்காரர். இருபது ஆண்டு கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 1886இல் ஜெயித்த டேவிட் பிரவுன் கூரைக்குக் கற்பலகை வேய்கிற தொழிலாளி. கடைசி நேரத்தில் அவரைக் கூரையிலிருந்து கூப்பிட்டு, குளிக்கச் சொல்லி, நல்ல உடுப்பு மாட்டிவிட்டு மைதானத்துக்கு அனுப்பினார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள்.

சின்ன மைதானத்தில் ஆடுவதன் ருசி இந்த நான்கு சுற்றில்தான் இருக்கிறது. 18 குழி மைதானத்தில் மூன்றாவது குழியில் தவறு செய்தால் அன்றைக்கு அது போனதுதான். ஒன்பது குழி மைதானத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி போய் நிற்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் பந்து விழுந்ததோ அந்தப் பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் காற்று மாறியிருக்கும். மஸல்பரோ ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிய ஊர். கடற்காற்று ஓயாது. காலையில் பந்தை முன்னால் தள்ளிக் கொடுத்த காற்று மத்தியானம் முகத்தில் அறையும். முதல் சுற்றில் எடுத்த மட்டை இரண்டாம் சுற்றுக்கு உதவாது.

1883இல் நடந்ததைப் பாருங்கள். வில்லி ஃபெர்னி ஒரு குழியில் 10 அடி அடித்துவிட்டார். ஒரு ஓபனையே இழக்க அது போதும். எதிரே பாப் ஃபெர்குசன். மஸல்பரோவிலேயே பிறந்து வளர்ந்தவர், அதற்கு முந்தைய மூன்று ஓபனையும் தொடர்ந்து ஜெயித்தவர். அவருக்கு அந்த மண்ணின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் மனப்பாடம். அவர் கடைசி மூன்று குழிகளையும் மும்மூன்று அடியில் முடித்துக் கணக்கைச் சமன் செய்தார். வெற்றியாளரைத் தீர்மானிக்க இன்னொரு 36 குழி ஆடினார்கள். கடைசிக் குழிக்கு வரும்போது ஃபெர்குசன் ஓர் அடி முன்னிலை. ஃபெர்னி அடித்த முதல் அடி நேராகக் கிரீனில் போய் நின்றது. அங்கிருந்து நெடுந்தூரம் உருட்டிய பந்து குழிக்குள் இறங்கியது. இரண்டே அடி. ஃபெர்குசனுக்கு நான்கு. 158க்கு 159 என்று ஓபன் கைமாறியது. கொஞ்ச நாளில் ஃபெர்குசனை டைபாய்டு காய்ச்சல் தாக்கியது. பிறகு அவர் பெரிய போட்டிகளில் எழுந்திருக்கவே இல்லை. பிறருக்கு மட்டை சுமந்தும், இதே மைதானத்தைப் பராமரித்தும் காலம் கழித்தார்.

1889இல் இன்னும் கொடுமை. நவம்பர் மாதம், பகல் பொழுது குறைவு. கடைசி ஆட்டக்காரர்கள் முடிக்கும்போது இருட்டிவிட்டது. அந்தப் போட்டியில் ஆண்ட்ரூ கிர்க்கால்டியின் பந்து ஒரு குழியின் விளிம்பில், ஓர் அங்குலம் தள்ளி நின்றிருந்தது. அலட்சியமாக ஒற்றைக் கையால் தட்டினார். மட்டை பந்தில் படவே இல்லை. காற்றில் வீசினாலும் அடி அடிதான், கணக்கில் ஒன்று ஏறியது. முடிவில் அவரும் வில்லி பார்க் ஜூனியரும் 155 என்று சமமாக வந்தார்கள். மறுபடி ஆடியதில் பார்க் ஜெயித்தார். அந்த ஓர் அங்குலத்தைக் கவனித்திருந்தால் மறு ஆட்டத்துக்கே தேவை இருந்திருக்காது.

இந்த மைதானத்தின் குழிகளுக்கு எண்ணோடு பெயரும் உண்டு. இரண்டாவதற்குக் 'கல்லறைகள்' என்று பெயர். 1547இல் பக்கத்தில் நடந்த பிங்கி போரில் மடிந்த வீரர்களை இங்கே புதைத்ததாக நம்பிக்கை. பாண்டி என்றொரு பங்கர் உண்டு. நம் ஊர்ப் பாண்டி அல்ல, பேரமளி என்று பொருள்படும் பாண்டமோனியம் என்ற சொல்லைச் சுருக்கிய பெயர். நான்காவது குழிக்கு 'மிசஸ் ஃபோர்மன்' என்று ஒரு பெண்ணின் பெயர். கிரீனை ஒட்டியே அந்த அம்மாள் நடத்திய மதுக்கடை. மைதானத்தைப் பார்த்த சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஆடிக்கொண்டே வருகிறவர்கள் அதன் வழியே கைநீட்டிக் கோப்பையை வாங்கிக்கொள்வார்கள்.

1870இல் அந்தக் கடைக்குள் ஒரு பெரிய பந்தயமே முடங்கியது. உள்ளூர் வில்லி பார்க் சீனியருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் டாம் மாரிஸுக்கும் 200 பவுன் பணயம் வைத்த ஆட்டம். மஸல்பரோ கூட்டம் தங்கள் ஆளுக்காக மாரிஸின் பந்தைக் காலால் தள்ளிவிடும் அளவுக்குப் போயிற்று. ஆறு குழி பாக்கியிருக்கும்போது மாரிஸும் நடுவர் ராபர்ட் சேம்பர்ஸும் மிசஸ் ஃபோர்மன் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் தொடரலாம் என்றார் நடுவர். பார்க்கோ வெளியே தனியாகவே மிச்சக் குழிகளை ஆடி முடித்துவிட்டு, பணயப் பணம் தனக்கே என்றார். ஊர்க்காரர்கள் செய்தது தப்புதான். ஆனால் ஒரு மைதானம் ஒரு ஊருக்கு எவ்வளவு சொந்தமாக இருந்தது என்பதும் இதில் தெரிகிறது. அது வேலி போட்ட தனியார் தோட்டமாக இருக்கவில்லை. ஊர்ப் பொது நிலம். மீன்காரி ஆடினாள், கூரை வேய்பவன் ஆடினான், கனவான்களும் ஆடினார்கள். நெரிசல் தாங்காமல் கனவான்களின் சங்கம் 1891இல் மியூர்ஃபீல்டு என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே ஓபனும் அவர்களோடு போய்விட்டது. மஸல்பரோவுக்கு அது திரும்பவே இல்லை.

போன ஓபன் போகட்டும். மஸல்பரோ உலகுக்குக் கொடுத்த இன்னொன்று எங்கும் போகவில்லை. அது குழியின் அளவு.

பழைய நாளில் குழியைக் கத்தியால்தான் தோண்டுவார்கள். ஒரு குழியை முடித்த இடத்துக்கு ஒரு மட்டை நீளத்துக்குள்ளேயே அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைக்க வேண்டும் என்பது 1744ஆம் ஆண்டு விதி. பந்தைச் சற்று உயர்த்தி வைக்க மணல் வேண்டும். ஆட்டக்காரர் குனிந்து, முடித்த குழிக்குள்ளேயே கையை விட்டு ஒரு பிடி மணல் எடுப்பார். அடுத்து வருகிறவரும் எடுப்பார். பொழுது சாய்வதற்குள் குழி ஆழமாகி, ஓரம் சரிந்து, வாய் அகன்றுவிடும். காலையில் ஆடியவருக்கு ஒரு குழி, மாலையில் ஆடியவருக்கு வேறு குழி! 1829இல் மஸல்பரோவில் ஒரு பவுன் செலவில் குழி வெட்ட ஒரு கருவி செய்தார்கள். நீண்ட பிடியில் பொருத்திய இரும்பு வளையம். அதன் விட்டம் நாலேகால் அங்குலம். வடிகால் குழாய்த் துண்டில் செய்தது என்றும் சொல்வார்கள். அழுத்தித் திருகினால் வட்டம் பிசகாமல் மண் வெளியே வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோல்ஃப் விதிகளை வகுத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் அதே நாலேகால் அங்குலத்தையே எல்லா மைதானங்களுக்கும் விதியாக்கியது. இன்று டோக்கியோவானாலும் ஊட்டியானாலும் குழியின் அளவு அதுதான். அந்தக் கருவி ராயல் மஸல்பரோ சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்தியாவின் மிகப் பழைய கோல்ஃப் சங்கமான ராயல் கல்கத்தா தொடங்கியதும் அதே 1829இல்தான்.

இன்றைய காலத்துக்குச் சின்ன மைதானங்களே அதிகம் பொருந்தும். 18 குழி ஆட நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். ஒன்பது குழிக்கு இரண்டு மணி நேரம் போதும். காலையில் ஆடிவிட்டு வேலைக்குப் போகலாம். நிலம் பாதி, தண்ணீர் பாதி, பராமரிப்புச் செலவும் ஏறத்தாழப் பாதி. தண்ணீருக்குத் தவிக்கிற நாடுகளில் இது சின்ன விஷயமில்லை. இதை உணர்ந்துதான் கோல்ஃபை நிர்வகிக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பு 2016இல் ஒன்பது குழிக்கென்றே தனிப் போட்டியைத் தொடங்கி, இறுதி ஆட்டத்தை ஓபன் நடக்கும் ராயல் ட்ரூன் மைதானத்தில் வைத்தது. கற்றுக்குட்டியும் தேர்ந்தவரும் சேர்ந்து ஆடினால் பலவீனமானவருக்குச் சில அடிகள் சலுகை தருவார்கள். அதற்கு ஹேண்டிகேப் என்று பெயர். 2020இல் வந்த உலகப் பொது ஹேண்டிகேப் முறையில் ஒன்பது குழி ஆட்டத்தின் கணக்கும் செல்லும். அரை ஆட்டம் என்ற பேச்சுக்கு விதிப்புத்தகத்திலும் இடமில்லை.

தரத்திலும் குறைவில்லை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ராயல் வொர்லிங்டன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியின் சொந்த மைதானம். அதன் ஒன்பது குழிகளைப் 'புனித ஒன்பது' என்றே ஆட்டக்காரர்கள் அழைக்கிறார்கள். அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டிக்கு முந்தைய நாள், பக்கத்திலிருக்கும் குட்டி ஒன்பது குழி மைதானத்தில் 1960 முதல் ஒரு போட்டி நடக்கிறது. ஆட்டக்காரர்களின் பிள்ளைகள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு அப்பாவுக்கு மட்டை தூக்கி வருவார்கள். மாஸ்டர்ஸைவிட அந்த மத்தியானத்தையே விரும்புகிறவர்கள் உண்டு.

நமக்கும் தொடர்பில்லாமல் இல்லை. குதிரைப் பந்தய வட்டத்துக்குள் கோல்ஃப் என்ற மஸல்பரோ ஏற்பாடு சென்னை கிண்டியிலும் இருந்தது. பந்தய மைதானத்துக்கு உள்ளே மெட்ராஸ் ஜிம்கானா சங்கத்தார் நெடுங்காலம் ஆடிவந்தார்கள். மூணாறில், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் தேயிலை மலைகளுக்கு நடுவே, ஹை ரேஞ்ச் கிளப்பின் ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. தோட்ட அதிகாரிகளாக வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஆட்டத்தை மலைக்கு எடுத்து வந்தபோது, மலைச் சரிவுக்கு அடங்கியது ஒன்பதுதான். ஆனால் இங்கே அது கிளப் உறுப்பினர்களின் ஆட்டமாகவே தங்கிவிட்டது. மஸல்பரோ மீன்காரப் பெண்களுக்குக் கிடைத்த இடம் நம் மலைகளில் கொழுந்து கிள்ளும் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு சின்ன மைதானம் ஊருக்குப் பொதுவாக இருந்தால் யார் யார் ஆட வருவார்கள் என்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்.

புதிதாக ஆடப்போகிறவருக்கு ஒன்பது குழி மைதானம்தான் சரியான பள்ளிக்கூடம். விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும் ஐந்தாறு மட்டை போதும், தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். மட்டை பெயர்த்த புல்கட்டியை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதித்துவிட வேண்டும். பங்கரில் இறங்கினால் கால் தடத்தைக் கலைத்து மணலைச் சமன் செய்துவிட்டு ஏற வேண்டும். பின்னால் வருகிறவர்கள் வேகமாக ஆடினால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். சின்ன மைதானத்தில் எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்தில்தான் இருப்பார்கள் என்பதால் இந்த மரியாதைகள் தானாகவே பழகிவிடும்.

மஸல்பரோ இன்றும் பொது மைதானம்தான். எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். ஃபெர்குசன் காலத்து ஆட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஹிக்கரி மரப்பிடி போட்ட பழைய பாணி மட்டைகள் வாடகைக்குக் கிடைக்கும். எடின்பரோ பக்கம் போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். குதிரைப் பந்தய நாட்களில் மட்டும் கோல்ஃப் கிடையாது. எனவே கிளம்பும் முன் பந்தய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.